பார்வோன் (பொறுப்பு)

தானியக் கிடங்கு என்பது தானியத்தை மழையிலிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த அரசுக் கிடங்கின் கூரை ஒழுகுகிறது என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கருத்து வேறுபாடு இல்லாத விஷயத்துக்குக் கூட்டம் போட முடியாது. கூட்டம் போடாமல் அந்த அலுவலகத்தில் எதையும் செய்ய முடியாது. ஆகவே கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

கிடங்குக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். மழை வந்தால் மூட்டை தூக்குகிறவர்களோடு தானும் ஒரு கை கொடுத்து, கோதுமையை நனைகிற மூலையிலிருந்து நனையாத மூலைக்கு நகர்த்துவார். நகர்த்த முடியாத மூட்டைகளின் மேல் பழைய தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். அலுவலகத் தலைவரான இயக்குநரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது. எதற்கும் "பரிசீலிக்கலாம்" என்று பதில் சொல்வதால் இயக்குநருக்குப் பரிசீலனை என்றே பட்டப்பெயர்.

"சார், கிழக்கு மூலையில தண்ணி சொட்டுது."

"பரிசீலிக்கலாம்."

"கோதுமை முளை விட ஆரம்பிச்சிருக்கு சார்."

"வளர்ச்சிதானே. பரிசீலிக்கலாம்."

கண்காணிப்பாளரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கசப்பு மருந்தை எதில் கலந்து கொடுத்தால் உள்ளே போகும் என்று அவளுக்குத் தெரியும். "நேரா சொன்னா அவருக்கு ஏறாதுங்க" என்றாள். "ஆபீஸ் ஆண்டு விழா வருதில்ல, நாடகமா போட்டுடுங்க. பைபிள் வேதத்துல யோசேப்பு கதை இருக்கே. எகிப்து ராஜா பார்வோனோட கனவுக்கு அர்த்தம் சொல்லி, விளையுறப்போ தானியத்தைச் சேர்த்து வச்சு, பஞ்சத்துல நாட்டையே காப்பாத்தினாரே. அதைப் பார்த்தாலாவது உறைக்குதான்னு பார்ப்போம்."

கண்காணிப்பாளருக்கு அது பிடித்துப்போயிற்று. உட்கார்ந்து எழுதினார். கனவுக்கு அர்த்தம் சொன்னதும் யோசேப்பு அண்ணாந்து பார்த்து, "அரசே, முதலில் கூரையைச் சரிசெய்வோம்" என்பார். வேதத்தில் இந்த வசனம் கிடையாது. கண்காணிப்பாளர் சேர்த்தது. தட்டச்சர் யோசேப்பாக நடித்தார். அரசனுக்குரிய வயிறு வேறு யாருக்கும் வாய்க்காததால் கண்காணிப்பாளரே பார்வோன் ஆனார்.

ஒத்திகை பார்க்க இயக்குநர் வந்தார். கூரை வசனம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"இந்த ராஜா பேரென்ன?" என்று கேட்டார் இயக்குநர்.

"பார்வோன் சார்."

"அது பதவி. நான் டைரக்டர்னா என் பேரு டைரக்டரா? ஆள் யாரு?"

"வேதத்துல பேர் போடலை சார்."

"பேர் இல்லாத ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிட்டு நாட்டுக்கே அதிகாரி ஆக்குறாரு. அந்த உத்தரவு செல்லுமா? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

இப்படியாகக் கடைசியில் கருத்து வேறுபாட்டுக்குரிய விஷயம் ஒன்று அலுவலகத்துக்குக் கிடைத்தது. பார்வோனை அடையாளம் காணும் குழு அன்றே அமைக்கப்பட்டது. குழு முடிவு செய்யும்வரை நாடகத்தில் அரசர் 'பார்வோன் (பொறுப்பு)' என்றே குறிப்பிடப்பட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. பொறுப்பில் இருப்பவருக்கு நிரந்தர நியமனம் செய்யும் அதிகாரம் இல்லை. ஆகவே யோசேப்பு தற்காலிகப் பணியாளர் ஆனார். வேதத்தில் பார்வோன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் போடுகிறார். நாடகத்தில் பார்வோன் (பொறுப்பு) அதைக் கழற்றிக் காட்டிவிட்டுத் தன் விரலிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.

குழு கூடியது. கணக்கு அலுவலர் அம்மாள் எகிப்திய ராணிபோலக் கண்ணில் மை தீட்டி, மைக்கோட்டைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். நூலகத்திலிருந்து தடிப் புத்தகங்களும் கொண்டு வந்திருந்தார். "ஜோசர்தான் சார். படிக்கட்டு மாதிரி அடுக்கி பிரமிடு கட்டின ராஜா. அவர் காலத்துல ஏழு வருஷம் பஞ்சம்னு பாறையில வெட்டியே வச்சிருக்காங்க."

"எப்ப வெட்டினது?"

"அவர் செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறம் சார்."

"கோப்பு மெதுவாத்தான் நகரும்" என்று இயக்குநர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய கட்சி செனுஸ்ரெத். அந்த மன்னருடைய சிலைகளில் காது பெரிதாக இருக்கிறது. குறைகளைக் காது கொடுத்துக் கேட்கிற நிர்வாகி என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும் என்றார். சொல்லும்போது பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். அவருக்கும் காது பெரிது.

கண்காணிப்பாளர் பொறுமை இழந்தார். "சார், எந்த ராஜாவா இருந்தா என்ன, தானியம் நனையாம..."

"குறுக்க பேசாதீங்க. நீங்கதானே பார்வோன்? சொல்லுங்க, உங்க கருத்து என்ன?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்காணிப்பாளருடைய கருத்தை யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் நூலகத்துக்குள் நுழைந்தார். வெளியே வந்தபோது அவருக்கும் ஒரு மன்னர் இருந்தார்.

அலுவலகம் மூன்று கட்சியாகப் பிரிந்தது. தலைமுடியால் காதை மறைத்த ஊழியர்கள் செனுஸ்ரெத்தின் எதிரிகளாகக் கருதப்பட்டார்கள். ஜோசர் கட்சியினர் கோப்புகளை அவருடைய பிரமிடுபோலப் படிப்படியாக அடுக்கினார்கள். அடியில் உள்ளதை யாராலும் எடுக்க முடியவில்லை. ஆண்டு விழா குழுப்படத்தில் எல்லோரும் எகிப்தியச் சுவரோவியம்போல உடம்பை நேரே வைத்து முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் நிற்பது அந்த அலுவலகத்துக்கு இயல்பாகவே வந்தது.

"கூரை என்னாச்சுங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அது இருக்கட்டும். அப்போபிஸ்னு ஒரு ராஜா. ஹிக்சோஸ் வம்சம். வெளியிலேருந்து வந்து எகிப்தைப் பிடிச்சவங்க. வெளியாள் ராஜாதானே யோசேப்பு மாதிரி இன்னொரு வெளியாளை நம்பிப் பதவி கொடுப்பாரு? நீயே சொல்லு."

"எனக்கு என்ன தெரியும். வானம் கறுத்துக் கிடக்கு."

"யோசேப்பு தேர்ல போனாருன்னு இருக்கு. ஜோசர் காலத்துல எகிப்துல தேரே கிடையாது. கணக்கு அலுவலர் அம்மாகிட்ட அதை முகத்துக்கு நேராவே கேட்டேன் பாரு, புத்தகத்தை மூடி வச்சுட்டாங்க."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விளக்குத் துடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் கூரை வசனம் ஆராயப்பட்டது. எகிப்தில் மழை பெய்வதே அபூர்வம். ஆகவே கூரையைப் பற்றிய பேச்சு வரலாற்றுக்குப் பொருந்தாது என்று கணக்கு அலுவலர் சுட்டிக் காட்டினார். கண்காணிப்பாளர் யோசித்தார். ஆராய்ச்சியாளன் என்ற முறையில் அதை மறுக்க முடியவில்லை. தன் கையாலேயே வசனத்தை அடித்தார்.

மேடையில் அப்போபிஸின் கூடாரம் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மற்ற இரண்டு கட்சிகளுக்கும் மேடையில் ஆளுக்கொரு பிரமிடு கிடைத்திருந்தது. கூடாரத்துக்குத் துணி இல்லை. மூட்டைகளின் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்துவரச் சொன்னார்.

"மழை வர்ற மாதிரி இருக்குங்களே" என்றார் மூட்டை தூக்குகிறவர்.

"நாடகம் முடிஞ்சதும் திரும்பிடும்பா. சுருக்கம் விழாம மடிச்சுக் கொண்டா."

விழா சிறப்பாக நடந்தது. கூடாரம் கம்பீரமாக நின்றது. தற்காலிக யோசேப்பு தானியத்தைச் சேர்த்து வைத்து நாட்டைக் காப்பாற்றியபோது கைதட்டல் ஓயவில்லை. வெளியே மழை பெய்யத் தொடங்கியது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்ட சிலர் அதையும் கைதட்டல் என்றே நினைத்தார்கள்.

காலையில் கிடங்கைத் திறந்தபோது புளித்த நாற்றம் வந்தது. கண்காணிப்பாளர் ஊறிப்போன மூட்டை ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். தார்ப்பாய் விழா அரங்கில் நனையாமல் பத்திரமாக இருந்தது.

அந்த மாதம் கிடங்குக்குக் கோதுமை வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வரிசையில் அவருடைய மனைவியும் இருந்தாள். வீட்டுக்கு வந்து, காலிப் பையை அவர் படித்துக்கொண்டிருந்த எகிப்து வரலாற்றின் மேல் வைத்தாள். அவர் அன்று சாப்பிடாமல் படுத்தார். கோதுமை வீணானது பற்றி நாளை நடக்கவிருந்த விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

விசாரணை அதிகாரி தலைமையகத்திலிருந்து வந்தார். இயக்குநரின் அறைக்குள் நுழைந்ததும், மின்விசிறிக்கு எந்தப் பொத்தான் என்று யாரையும் கேட்காமல் சரியாகப் போட்டார். பல வருஷங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்.

"கூரை எப்போதிலேருந்து ஒழுகுது?" என்று கேட்டார்.

"எனக்கு முந்தினவர் காலத்துலேயே சார்" என்றார் இயக்குநர்.

"அவர் தனக்கும் முந்தினவர் காலத்துலேருந்துன்னு எழுதியிருக்காரே" என்றார் கணக்கு அலுவலர்.

"அவருக்கும் முந்தினவர் யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். விசாரணை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். "சார், தார்ப்பாயை எடுத்தது..."

"உட்காருங்க. யாரையும் குத்தம் சொல்ல நான் வரலை" என்றார் அதிகாரி. பிறகு தட்டச்சரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்: "கூரையின் நிலை இயக்குநரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இயக்குநர் பரிசீலித்தார். கண்காணிப்பாளர் தார்ப்பாயை அகற்றினார். மழை பெய்தது."

தட்டச்சர் நிமிர்ந்தார். "பேர் போடணுமா சார்?"

"எதுக்கு? பதவி போதும்."

"எந்த டைரக்டர், எந்தக் கண்காணிப்பாளர்னு பின்னாடி படிக்கிறவங்களுக்குக் குழப்பம் வருமே சார்."

"வரட்டுமே" என்றார் அதிகாரி. "அவங்களுக்கும் ஒரு குழு வேண்டாமா?"

அறையில் எல்லோருக்கும் மூச்சு சீராக வந்தது. கண்காணிப்பாளர் மெல்ல உட்கார்ந்தார். காகிதம் கையெழுத்துக்காக மேசையைச் சுற்றி வந்தது. கணக்கு அலுவலர் பேர் தெரியாதபடி ஒரு சுழி போட்டார். இயக்குநர் ஒரு கோடு இழுத்தார். கண்காணிப்பாளருக்கு இயல்பிலேயே அச்சடித்தாற்போல் தெளிவான கையெழுத்து. அவர் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.