ஏழாம் எண் கணவன்

நகவெட்டியைத் தேடி மனைவியின் மேசையைக் கிளறியது என் தப்புதான். அவளுடைய ஆய்வுக் குறிப்பேடு திறந்து கிடந்தது. "கணவர் 7: வீட்டு வேலையில் ‘நானும் ஹெல்ப் பண்றேனே’ என்கிறார். குப்பை வாளி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை."

வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லும் வசனம் அது. வாளி எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

முனைவர் பட்டத்துக்கு அவள் எழுதுவது, பெண்களின் கூலியில்லாத வீட்டு உழைப்பைப் பற்றி. கடைசியில் வாய்மொழித் தேர்வு நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மாமியார் நிச்சயம் முன்வரிசை. ஏழாம் எண் யாரென்று அவருக்குத் தெரியாமலா போகும்?

அவள் முனைவர் ஆவதற்குள் நான் நல்ல துணைவர் ஆகிவிட வேண்டும். வேறு வழியில்லை.

மறுநாளே இறங்கினேன். சமைத்தேன். துவைத்தேன். மகளைப் பள்ளியில் விட்டேன். குளியலறையைத் தேய்த்ததில் முட்டி வீங்கியது. உள்ளே அவள் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஈரக்குலை நடுங்கும். துடைத்த அடுப்பை மறுபடியும் துடைப்பேன். அவளோ ஒன்றும் சொல்லமாட்டாள். எட்டிப் பார்ப்பாள், டீயை வாங்கிக்கொள்வாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த மௌனத்திலேயே பாதி ஆளாகிவிட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் தாங்கவில்லை. ஏழாம் எண்ணை மட்டும் நீக்கிவிடும்படி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"அவரை ஏன் எடுக்கணும்?"

"அது நான்தானே."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "சொந்தப் புருஷனை ஆய்வுல சேர்த்தா ஒத்துக்கவே மாட்டாங்க. ஏழு யாருன்னு சொல்ல முடியாது. நீங்க இல்ல."

"வார்த்தைக்கு வார்த்தை என்னோடது."

"நாப்பது பேர்கிட்ட பேசினேன். முப்பத்தெட்டு பேர் அதையேதான் சொன்னாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. நான் நடுங்கியது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மேசை கலைஞ்சிருந்தப்பவே புரிஞ்சுது. சொல்லத்தான் வந்தேன். அன்னிக்குத்தான் மூணு வருஷமா நகராத அத்தியாயம் நகர ஆரம்பிச்சுது. இந்த மூணு வாரத்துல ரெண்டு முடிச்சுட்டேன்."

மூன்று வருஷமாக அது ஏன் நகரவில்லை என்று, பாத்திரம் கழுவிக் கழுவி வெளுத்த என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

முடிவுரை மட்டும்தான் பாக்கி என்றாள். அது எத்தனை நாளில் முடியும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க எத்தனை நாள் பயப்படுவீங்களோ, அத்தனை நாள்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.