ஓ நெகட்டிவின் வண்டிப் பலகை

ஓ நெகட்டிவ் தன் ரத்தத்தைக் காத்ததுபோல் சாலை பஜாரில் எந்த முதலாளியும் கல்லாப்பெட்டியைக் காத்ததில்லை.

கைவண்டி இழுப்பவர். தொண்ணூறுகளில் நானும் அங்கே அதே வேலை. அவர் வண்டியின் பின்பலகையில் சிவப்புப் பெயிண்டில் அந்தக் குரூப்பை எழுதியிருந்தார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் எனக்கு இன்றும் தெரியாது.

கொசு உட்கார்ந்தால் துள்ளுவார். "போ சவமே! இது ஊருக்குக் குடுக்க உள்ள ரத்தமாக்கும்." ஷேவ் செய்யமாட்டார். கத்தி பட்டால் என்னாவது? தாடி நெஞ்சுவரை கிடந்தது.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீரா ஓய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்குடே? எனக்க அண்ணனுக்கு ஓ நெகட்டிவ். ஒரே வயிறு, ஒரே ரத்தம். யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம், பாத்துக்க."

அந்த அண்ணன் அடுத்த தெருவில் வெங்காயம் விற்றார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

என் வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும், ஆஸ்பத்திரியில் இல்லை என்றார்கள். நான் பயப்படவே இல்லை. நம்மிடம்தான் ஆள் இருக்கிறாரே. ஓடினேன்.

கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். விரலில் குத்தும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

மலையாள நர்ஸ் வந்தாள். "சேட்டா, இது ஏபி பாசிட்டிவ் ஆணு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னொருக்கா பாரு சிஸ்டரே. வயிறு ஒண்ணாக்கும்!"

"வயிறு ஒண்ணாயாலும் குரூப் மாறும், சேட்டா."

மறுபடி பார்த்தாள். அதேதான். அவருக்கு யார் ரத்தமும் சேருமாம். அவர் ரத்தம் அதே குரூப்புக்கு மட்டும்தானாம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சட்டென்று வெளியே ஓடினார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

ஆட்டோவில் திரும்பி வந்தார். பக்கத்தில் அண்ணன், தலையெல்லாம் வெங்காயச் சருகு.

அண்ணன் என்னிடம் சொன்னார்: "இவன்ட்ட சொல்லுடே. நடு ரோட்டுல காலைப் பிடிச்சு இழுக்க வேண்டாம். விளிச்சா வருவேன்."

ஓ நெகட்டிவும் என்னிடமே சொன்னார்: "பேசாம கையை நீட்டச் சொல்லு."

வீட்டுக்காரி பிழைத்தாள்.

அடுத்த வாரம் ஓ நெகட்டிவ் கறுப்புப் பெயிண்டும் பிரஷுமாக வந்து நின்றார். அடையாளமே தெரியவில்லை. மழமழவென்று ஷேவ்.

"பலகையில பொய்யாக்கும் எழுதி வச்சிருக்கேன். அழிக்கணும்டே."

டப்பாவைப் பிடுங்கினேன். அவர் பலகைக்கு மிச்சமில்லாமல் என் வண்டிச் சக்கரத்துக்கே அடித்தேன்.