காலில்லாத காரி

சந்தனி பட்வோ பண்டிகை அன்று காரி தின்னாதவன் சூரத்காரனே இல்லை. மாவாவும் பிஸ்தாவும் அடைத்து, நெய்யில் பொரித்து, அது போதாதென்று மேலேயும் நெய்யை ஊற்றி உறையவைத்த அந்த இனிப்பை நினைத்தாலே தன்சுக்பாய்க்கு எச்சில் ஊறும். அந்த வாய்க்குத்தான் இந்த வருஷம் டாக்டர் பூட்டுப் போட்டார். சாவியைத் தன்சுக்பாயின் மனைவி தருபென்னிடம் கொடுத்துவிட்டார்.

தருபென் லேசுப்பட்டவளா? காலடியை எண்ணும் பட்டை ஒன்றை வாங்கி அவர் மணிக்கட்டில் மாட்டினாள். தன் போனில் ஓர் ஆப்பை இறக்கினாள். எவ்வளவு நடந்தால் எவ்வளவு தின்னலாம் என்று அது சொல்லுமாம்.

"கேக்கறீங்களா, பட்டையையும் ஆப்பையும் ஜோடி சேக்கணும். பேர் கேக்குது. யார் பேரைப் போட?"

தன்சுக்பாய் யாரோ புடவை வியாபாரியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "உன் பேர்லயே போடு."

"நிஜமாவா?"

"என்னிக்கு என் பேர்ல போட்டிருக்கோம்? போடுன்னா போடு."

வீடு, கடை, ஸ்கூட்டர் எல்லாமே அவள் பேரில்தான். வரிக்குப் பயந்து பழகிய வாய், தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு அவர் அதை மறந்தும் போனார்.

"பட்வோ அன்னிக்கு எத்தனை காரின்னு ஆப் சொல்லட்டும். நான் குறுக்க வரமாட்டேன்" என்றாள் தருபென்.

"பேச்சு மாறமாட்டியே?"

"அம்பா மாதா மேல சத்தியம். ஆப் சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் காலை தன்சுக்பாய் தபதி ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார். தெருமுனையிலேயே மூச்சு இரைத்தது. திரும்பி வந்து கூடத்து ஊஞ்சலில் பொத்தென்று விழுந்தார். கை ஒரு பக்கம் தொங்கியது. ஊஞ்சல் ஆட, கையும் ஆடியது. கை ஆட ஆட, பட்டையில் எண் ஏறியது.

தன்சுக்பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மறுபடி ஒரு வீச்சு. மறுபடி ஏறியது. ஆஹா, இதுவல்லவா நடை. சந்தோஷத்தில் துள்ளி எழுந்தவர், எழுந்தால் நடை கெட்டுவிடுமே என்று உடனே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு டீ ஊஞ்சலில், பேப்பர் ஊஞ்சலில், வியாபாரம் ஊஞ்சலில். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதி குஜராத்தை நடந்து முடித்துவிட்டார்.

"இன்னிக்கு நடக்கப் போகலையா?"

"போயிட்டு வந்துட்டேன். நீ குளிச்சிட்டு இருந்தே."

"செருப்புல தூசியே காணுமே?"

"நான் மெதுவா மிதிப்பேன்."

தருபென் குனிந்து பட்டையைப் பார்த்தாள். "அடேயப்பா, இவ்வளவு தூரமா? விட்டுடாதீங்க" என்றாள். போகிற போக்கில் ஊஞ்சலை நன்றாக ஒரு தள்ளும் தள்ளிவிட்டுப் போனாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று தன்சுக்பாய் உருகிப்போனார்.

பட்வோ வந்தது. நிலா வந்தது. மொட்டைமாடியில் பாய் விரித்து, நடுவில் காரித் தட்டு. மத்தியானச் சாப்பாட்டையே தியாகம் செய்துவிட்டு வந்திருந்தார் தன்சுக்பாய்.

"ஆப்பைத் திற."

"திறந்தாச்சு."

"எத்தனை சொல்லுது?"

"நாலு தாராளமா சாப்பிடலாமாம்."

"எடு, எடு."

தருபென் எடுத்தாள். தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"ஆப் சொன்னதைப் பண்றேன். பேரைப் படிங்க."

தன்சுக்பாய் படித்தார். 'தருபென், அபாரம். இந்த வாரம் உங்கள் நடையை அடிக்க ஆளில்லை.'

"நடந்தது நானு."

"அப்படியா? எந்தப் பக்கம் நடந்தீங்க?"

தன்சுக்பாய் வாயைத் திறந்தார். சொன்னால் ஊஞ்சல் வெளியே வரும். மூடிக்கொண்டார்.

"உன் பேர்லயே போடுன்னு சொன்னது யாரு?" தருபென் இரண்டாவதை எடுத்தாள்.

காலை அசைக்காமல் நடந்த மனிதருக்குக் காரியிலும் கால் போய், வெறும் கரிதான் மிஞ்சியது. அதுவும் முகத்தில்.

தருபென் விரலில் வழிந்த நெய்யை நக்கிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கும் நல்லா ஆடுங்க. தட்டுல இன்னும் நிறைய இருக்கு."