சத்தமில்லாத ஜெனரேட்டர் வாங்கப் போன கதை

வாய் பேசாதவளைக் கடைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், வாய் மட்டுமே உள்ளவளைத் துணைக்கு அனுப்பக் கூடாது. என் மகன் சேகர் இரண்டையும் ஒரே நாளில் செய்தான்.

நான் மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தே காலத்தை ஓட்டியவள். படிப்பு தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். பஸ்ஸில் மணியடிக்க வெட்கப்பட்டு, ரிங்லெட்டில் இறங்க வேண்டியவள் தாப்பா வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். (அந்த வளைவுகளில் வந்த வாந்தி தனிக் கதை.)

சேகர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். லோரி என்று சொன்னதுமே பெண் வீட்டார் காப்பியைக் கீழே வைத்துவிடுவார்கள். முப்பது வயது தாண்டியபிறகு தாப்பாவில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அப்பாதான், "சொந்தமா ஒரு தொழில் இருக்கட்டும், பாப்போம்" என்று இழுத்தார். உடனே சேகர் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கி வெள்ளைச் சாயம் அடித்தான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. உள்ளே படுக்கை, சின்ன ஐஸ்பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கக் கரண்டுக் கெண்டி. கோலாலம்பூர் ஆட்களுக்கு வாடகைக்கு விடுவானாம்; அவர்கள் காசு கொடுத்துக் குளிரில் நடுங்குவார்களாம். நாங்கள் மூன்று தலைமுறையாக இலவசமாகவே நடுங்கியிருக்கிறோம், யாரும் படம் பிடிக்க வரவில்லை.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். டிரெய்லரையும் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வார்கள். டிரெய்லருக்கு ஜெனரேட்டர் மட்டும் பாக்கி. சனிக்கிழமை சேகருக்கு லோரி வேலை. என்னையும் என் நாத்தனார் பார்வதியையும் ரிங்லெட்டுக்கு அனுப்பினான்.

"அம்மா, நல்லா கேட்டுக்க. கெண்டிய போட்டா தாங்கணும். முக்கியமா சத்தம் வரக் கூடாது, டவுன் ஆளுங்க தூங்குறதுக்கு வர்றாங்க. சென்யாப் மெசின் வேணும்னு கேளு, அவங்களே எடுத்துக் குடுப்பாங்க."

சென்யாப் என்றால் மலாயில் அமைதி. 'வாயை மூடு' என்று ஆளை அதட்டுவதற்கும் அதே சொல்தான்.

கடையில் நான் முதலில் நுழைந்தேன். பார்வதி வாசலில் யாரிடமோ முட்டைக்கோஸ் விலை பேசிக்கொண்டிருந்தாள். கடைக்காரச் சீனர், எங்கள் பேச்சில் தவுக்கே, என்ன வேண்டும் என்று கேட்டார். பதிலுக்கு, போனில் இருந்த டிரெய்லர் படத்தை நீட்டினேன். அவர் புத்திசாலி. படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, உதட்டில் விரலை வைத்து, "சென்யாப், சென்யாப்" என்றார். அந்த நேரம் பார்த்துப் பார்வதி உள்ளே வந்தாள்.

"யோவ் தவுக்கே! எங்க அண்ணி பொறந்ததுலேருந்து வாயே தொறந்ததில்ல. அவங்களயா சென்யாப்ங்கிற?"

"அக்கா இல்ல லா! மெசின் சென்யாப்!"

"இப்ப மெசின் மேல பழியப் போடுறியா?"

ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் தரையில் இருந்த எண்ணெய்க் கறையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பாவம், தவுக்கே வியர்த்துப்போய் மெசினை ஓட்டிக் காட்டினார். இருக்கும் இடம் தெரியாமல் ஓடியது.

"இது ஓடுதா, நின்னுபோச்சா?" என்றாள் பார்வதி. "பூன குறட்ட விடுது அண்ணி! இதுலயா கெண்டி கொதிக்கும்?"

எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். கொழுந்து வெட்டுகிற மெசினோடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். கத்துகிற மெசின்தான் வேலை செய்யும். சத்தம் நின்றால் வெட்டும் நின்றது என்று அர்த்தம். மூலையில் சிவப்பாக ஒன்று கிடந்தது. அதன் கயிற்றை இழுத்ததும் கூரைத் தகரம் அதிர்ந்தது. பார்வதியின் முகம் மலர்ந்தது. "ஓக்கே லா, ஆன்ட்டி?" என்று தவுக்கே என்னிடம் சந்தேகமாகக் கேட்டார். தலையாட்டினேன். (நான் எதற்கும் தலையாட்டுவேன். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது.)

சேகர் இருட்டியபிறகு வந்து பார்த்தான். மாற்றலாம் என்றால் கடை மூடியிருந்தது. அவன்தான் சென்யாப் ஆனான்.

ஞாயிறு காலை, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள் வைத்தோம். டிரெய்லர் வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று பார்வதி சுற்றிலும் செவ்வந்திச் சரம் தொங்கவிட்டாள். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். நான் டிரெய்லருக்குள் டீ போடுகிற சாக்கில் ஒளிந்துகொண்டேன். சேகர் கயிற்றை இழுத்தான். மலையே அதிர்ந்தது. கெண்டி கொதித்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் லயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஜெனரேட்டர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாவு. ராத்திரி முழுக்க விளக்கெரிய அதைத்தான் கொண்டு வருவார்கள். கூடாரம், நாற்காலி, பூப்போட்ட வெள்ளை வண்டி. இனி வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் பார்வதிக்கும் அது உறைக்கவில்லை.

முதலில் அடுத்த லயத்து அஞ்சலை தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர். கோயில் தலைவர் மாலையோடு வந்தார். நான் கண்ணில் படவில்லை. ஆகவே செத்தது நான்தான்.

"வாயில்லாப் பூச்சியே, போயிட்டியே! எங்கிட்ட வாங்குன இட்லிச் சட்டிய எங்க வெச்சியோ!" என்று அஞ்சலை மாரில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த என் கணவரின் கையைத் தலைவர் பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் இரைச்சலில் இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெண் அமைந்ததற்கு வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து, சிரித்த முகமாகக் கத்தினார்: "ரொம்ப நாளா எதிர்பார்த்துக்கிட்டிருந்தோம்! இன்னிக்குத்தான் நேரம் கூடி வந்துச்சு!"

தலைவர் பிடித்த கையை விட்டுவிட்டார்.

சேகர் மெசின் பக்கத்தில் புகையில் கண் எரிந்து தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். "புள்ளைக்காவது பாசம் இருக்கு" என்று ஜன்னலோரமாக யாரோ கத்தினார். சம்பந்தியம்மா திகைத்துப்போய், "ஐயோ, இப்பத்தான டீ போட உள்ள போனாங்க!" என்று அலறி, அஞ்சலையைக் கட்டிக்கொண்டு அழுதார். இதையெல்லாம் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே வரக் கூச்சம். செத்துப்போனவள் எந்த முகத்தோடு வருவது?

அப்போது பெண்ணின் அப்பா எழுந்து மனைவியிடம் கத்தினார்: "புறப்படு. நல்ல காரியம் பேச வந்த எடத்துல எழவு. இது சரிப்படாது." சேகர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எத்தனையோ பெண் வீட்டு வாசலில் பார்த்த தொங்கல்தான். இந்தத் தடவை காரணம் லோரி இல்லை, நான்.

டீத் தட்டோடு கதவை உதைத்துத் திறந்தேன். ஜெனரேட்டரை மீற வேண்டுமே, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "நான் சாகல! டீ ஆறுது!"

அஞ்சலை மயங்கி விழுந்தாள். சேகர் மெசினை அணைத்தான். தலைவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெண்ணின் அப்பா மட்டும் நின்றபடியே, "என்ன இருந்தாலும் சகுனம் சரியில்ல" என்றார்.

சம்பந்தியம்மா மூக்கைச் சிந்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "செத்தவங்க எழுந்து வந்து டீ குடுக்குறாங்க. இதவிட நல்ல சகுனம் ஒங்க வீட்டுல எப்ப நடந்துச்சு? உக்காருங்க!"

உட்கார்ந்தார். டீயும் குடித்தார். தையில் கல்யாணம் முடிந்தது. சத்தமில்லாத ஜெனரேட்டரை மருமகளே போய் வாங்கி வந்தாள். பார்வதியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனாள்.

லயத்து ஆட்கள் மட்டும் இன்னும் விடவில்லை. எனக்கு லேசாக இருமல் வந்தால் போதும், அஞ்சலை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறாள்: "அக்கா, ஒனக்கு ஒரு வாட்டி அழுதாச்சு. மறுபடி கூப்பிடாத, வரமாட்டோம்."