கூடலூரில் நாங்கள் நிலை வைத்த கதை

எனக்கு மலையாளம் தெரியும் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டு வேலை ஒழுங்காக நடந்திருக்கும். சொல்லிவிட்டேன். அதுவும் பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். வீடு கட்டும்போது மனுசருக்கு ஒருவிதக் கிறுக்குப் பிடிக்கும். நேற்று வரை சிமென்டுக்கும் விபூதிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இன்றைக்குக் கம்பியைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எனக்கு அந்தக் கிறுக்கு கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

(கூடலூர்க்காரிக்கு மலையாளம் தெரிவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஊரில் பாதிப் பேர் தினமும் ஜீப் ஏறி, கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போய்ப் பேசிப் பழகியவர்கள். நான் டி.வி. சீரியல் பார்த்துப் பழகியவள். அழுவதற்கும், சபிப்பதற்கும், சொத்தை எழுதி வாங்குவதற்கும் வேண்டிய மலையாளம் எனக்கு அத்துப்படி. கடையில் போய்ச் சாமான் வாங்குகிற மலையாளம்தான் வராது.)

சண்டை சமையலறை ஜன்னலில் ஆரம்பித்தது. சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. மேற்குப் பக்கச் சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் மலை முழுசாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் கரிபிடித்த சுவரைப் பார்த்தே சோறு வடித்தவள் நான். தோசை சுடும்போது மலையைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

மதினிக்கு அது ஆகவில்லை. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். காமயகவுண்டன்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து, எங்கள் வீட்டு வேலையை மேற்பார்வை பார்த்தார். அவர் கிழித்த கோட்டைத் தம்பி தாண்ட மாட்டார்.

"சன்னல வச்சுட்டுச் சட்டி பானைய எங்கன வைப்ப? உன் தலையிலயா? அங்கன ஷெல்ப்புத்தான் வரணும்" என்றார் மதினி.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துச் செங்கல் எண்ணப் போய்விட்டார்.

அடுத்து, தலைவாசல் நிலையை, அதுதான் கதவு மாட்டுகிற மரச்சட்டத்தை, எங்கே செய்வது என்று பேச்சு வந்தது. மதினி கம்பத்தில் ஓர் ஆசாரியைச் சொன்னார். நான் விடுவேனா? "குமுளியில செய்வோம் மதினி. வேலப்பாடு அம்புட்டு அழகா இருக்கும். நானே போய்ச் சொல்லிட்டு வாரேன். எனக்கு மலையாளம் தெரியும்!"

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரித்தா. நிலை நேரத்துக்கு நல்லபடியா வந்து எறங்குச்சுன்னா நீ சன்னல் வச்சுக்க. இல்லையா, வாயத் தொறக்காம ஷெல்ப்பு."

"சரி மதினி" என்றேன். கொத்தனாரும் சாட்சியாகத் தலையாட்டினார். மேற்குச் சுவரை மட்டும் அப்படியே நிறுத்திவைத்தார்கள்.

குமுளிக்குக் கிளம்பும்போது கொத்தனார் கலவை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி கத்தினார்: "நிலைன்னா அங்கன புரியாதுக்கா! கட்டிளன்னு சொல்லுவாக!" மிஷின் போட்ட இரைச்சலில் எனக்குக் 'கட்டில்' என்று கேட்டது. ஒரு நொடி சந்தேகம் வந்தது. கட்டில் என்றால் படுக்கிறதல்லவா? உடனே நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் வருகிற 'பட்டி' அவர்களுக்கு நாய். பட்டி நாயாகலாம் என்றால் கட்டில் வாசலாகக் கூடாதா? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஜீப் ஏறினேன்.

குமுளிப் பட்டறையில் ஆசாரி மரியாதையான மனிதர். "எந்தா சேச்சி வேண்டது?" என்றார்.

"ஒரு கட்டில் வேணம். நல்ல தேக்கு. ஏழடிக்கு நாலடி."

"ஒற்றயோ, டபிளோ?"

ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா என்றுதானே கேட்கிறார்? "டபிள்" என்றேன்.

"காலில் கொத்துபணி வேணோ?"

நிலைக்காலில் வேலைப்பாடு இல்லாமலா? "வேணம், வேணம்! காலுதான் முக்கியம்!"

"தலய்க்கல் எந்தா வேண்டது?"

நிலைக்கு மேலே என்ன வேண்டுமாம். "கஜலட்சுமி" என்றேன்.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். "கஜலட்சுமியோ?"

"ஆமா. எல்லாரும் வரும். தொட்டுக் கும்பிடும். குடும்பம் முழுவன்."

அவர், தமிழ்நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கும்போல என்று பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. என் மலையாளம் வேலை செய்கிறது என்று சந்தோசமாகத் திரும்பி வந்தேன்.

நடுவில் ஆசாரி போனில் ஒரு போட்டோ வேறு அனுப்பினார். கஜலட்சுமி மட்டும், இரண்டு பக்கமும் யானையோடு, அப்படி ஒரு அழகு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினேன். மதினியே, "நல்லாத்தேன் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். அன்றிரவு கனவில் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்தேன்.

நிலை வைக்க ஆவணியின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்திருந்தோம். விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் பக்கம் நிலை வைக்க மாட்டோம். சொந்தபந்தம் அத்தனையும் வந்து நின்றது. மஞ்சள், குங்குமம், மாவிலை, பால், நவதானியம் எல்லாம் தயார். நிலையைத்தான் காணோம். நல்ல நேரம் முடியப் போகிற சமயத்தில் கேரளா ஜீப் ஒன்று திரும்பியது. அதன் மேலே, நான்கு கால்களையும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு, கயிற்றால் கட்டப்பட்டு ஒரு கட்டில் வந்தது. ஆசாரி அன்பாகக் கொடுத்துவிட்ட இரண்டு தலையணைகளும் கூடவே வந்தன.

டிரைவர் இறங்கி, கூரையில்லாத எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்தார். "சேச்சி, கட்டில் எவிடெ இடணம்?"

போனை எடுத்து ஆசாரியைக் கூப்பிட்டேன். ஆத்திரத்தில் சீரியல் மலையாளம்தான் வாயில் வந்தது: "நிங்ஙள் என்னெ சதிச்சு!" (நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள். வில்லனைப் பார்த்துக் கதாநாயகி சொல்வது.)

"சேச்சி கட்டில் அல்லே பறஞ்ஞது?" என்றார் ஆசாரி நிதானமாக. கட்டில் என்றுதான் சொல்லியிருந்தேன். அதில் சந்தேகமே இல்லை.

பக்கத்திலிருந்த கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா! கட்டிளக்கா! கட்டிள!"

முதலில் சிரித்தது மதினிதான். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை. மணல் குவியலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவ்வளவுதான், ஊரே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. என் ஜன்னல் போயே போய்விட்டது.

"நேரம் போகுதுக்கா" என்றார் என் வீட்டுக்காரர் மதினியிடம், ஈனக்குரலில்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என்னலே முழிக்கிறீக? நடுப்பலகைய உருவிட்டு அதத் தூக்கி நிறுத்துங்க! நாலு மூலையும் சட்டமுமா நிக்கிதுல்ல, அதுதான் இன்னைக்கு நிலை!"

வேறு வழி? பலகைகளை உருவி, கட்டிலைத் தலைவாசலில் செங்குத்தாக நிறுத்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கால்கள் வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. தலைப்பலகை மேலே சன்ஷேடு போல வெளியே நீட்டியது. கஜலட்சுமி குப்புறப் படுத்தபடி எங்கள் உச்சந்தலையைப் பார்த்தாள். மஞ்சள் பூசி, மாலை போட்டு, அண்ணாந்து சூடம் காட்டியதில் பலருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு, வந்தவர்கள் எல்லோரும் கால்பலகையைத் தாண்டி, கட்டிலுக்குள் நுழைந்து வீட்டுக்குள் போனார்கள். மதினிக்குக் கட்டில் காலில் முட்டி இடித்தது. "ஆத்தாடி!" என்று அதற்கும் சிரித்தார்.

மத்தியானம் பந்தி முடிந்தது. பலகைகளைத் திரும்பப் பொருத்தி, கட்டிலை வேப்பமர நிழலில் போட்டிருந்தார்கள். மதினி சும்மா உட்கார்ந்து பார்த்தார். சாய்ந்தார். படுத்தார். தலையணையைத் தலைக்கு வைத்தார். கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஏத்தா, இங்கன வா" என்று கூப்பிட்டார். "முதுகுவலியே தெரியலையே! இத எனக்குக் குடுத்துரு."

என் மூளை வேலை செய்த நேரம் அது ஒன்றுதான். "தாரேன் மதினி. சன்னல்?"

மதினி புரண்டு படுத்தார். "வச்சுத் தொல."

எனக்கு அவர் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கத் தோன்றியது. கொடுத்தும்விட்டேன். "சீ, போடி" என்று துடைத்துக்கொண்டார். புரட்டாசி கழிந்ததும் கம்பத்து ஆசாரி செய்த நிலையைச் சத்தம் காட்டாமல் பொருத்தினோம். கும்பிட்டது கும்பிட்டதுதான், இன்னொரு பூசை கிடையாது என்று மதினி சொல்லிவிட்டார். இன்றைக்கும் நான் தோசையைத் திருப்புகிற நேரத்தில் மலையில் மேகம் இறங்கும். பாதி தோசை கருகுவது அதனால்தான்.

அந்தக் கட்டிலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மதினி அதில்தான் தூங்குகிறார். பூசை போட்ட நிலையாயிற்றே, அதனால் அதற்குக் கட்டில் என்று பெயரே கிடையாது, வாசல்தான். யார் கேட்டாலும், "நானா? தம்பி வீட்டு வாசல்லதான் படுத்துக் கெடக்கேன்" என்பார். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கதை தெரியும், சிரிப்போம். கடமலைக்குண்டில் இருக்கும் வீட்டுக்காரரின் சித்தி அன்றைக்கு வரவில்லை, அவருக்குத் தெரியாது. போன மாதம் மதினியிடம் போனில் பேசிவிட்டு, அடுத்த நிமிடமே என்னைக் கூப்பிட்டார்.

"மனுசியா நீயி? வளத்த மகராசிய வாசல்ல படுக்கப் போட்டுட்டு, நீ சன்னல் வழியா மல பாக்குறியாமே!"