உருகாத கற்கண்டு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு விஞ்ஞானி மாட்டிக்கொண்டு முழித்த கதை சொல்கிறேன். விஞ்ஞானம் எனக்கு இட்லி மாவு புளிக்கிற அளவுக்குத்தான் தெரியும். தப்பாகச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே கேளுங்கள்.

"என்னங்க, கார் தெருமுனைக்கு வந்துட்டு! இன்னும் நெத்தியில கல்லோட படுத்துக் கெடக்கீகளே!"

மனைவி நீலாம்பாள் போட்ட சத்தத்தில் விஞ்ஞானி தாணுமாலையன் துள்ளி எழுந்தார். நெற்றியிலிருந்த பழுப்புப் படிகம் மடியில் விழுந்தது.

முப்பது வருடம் ஓர் ஆலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். கொதிகலன் குழாய்க்குள் படியும் உப்புப் படிகங்களைக் கரைக்க மருந்து கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்று பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்ததும், கரைத்த பாவத்துக்குப் பரிகாரம் போல, படிகம் சேர்க்க ஆரம்பித்தார். முழங்கால் வலி தீரும் என்று செல்போனில் பார்த்து 'இமயமலைச் சக்திப் படிகம்' பன்னிரண்டு வரவழைத்தார். வலி குறையவில்லை. சக்தி போதவில்லை என்று இன்னொரு பன்னிரண்டு வரவழைத்தார். வலி அடுத்த காலுக்கும் வந்தது.

"பாத்தியா, சக்தி நகருது!" என்றார்.

இன்று மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க வருகிறார்கள். தரகர் இல்லை, சிபாரிசு இல்லை. அவர்களாகவே போன் செய்து கேட்ட இடம். மாப்பிள்ளை கணேஷ்ராமுக்குக் கூடங்குளத்தில் வேலை. அப்பா கார்த்திகேசன் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையின் போட்டோவை விஜயஸ்ரீ நான்கு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை பார்த்ததை அம்மா பார்த்துவிட்டாள். ஆகவே இந்த இடம் தட்டிப்போகக் கூடாது.

"பௌதிக வாத்தியார் கண்ணுல இந்தக் கல்லு படக்கூடாது. பொண்ணோட அப்பாவுக்கு மறை கழண்டுட்டுன்னு எந்திரிச்சுப் போயிருவாக," என்றாள் நீலாம்பாள்.

தாணுமாலையன் கற்களை அள்ளி சோபா மெத்தைக்கு அடியில் செருகினார். வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள் என்று ஞாபகம் வந்தது. உருவினார். பூஜை அறைக்கு ஓடினார். மாப்பிள்ளையின் அம்மா விளக்கைக் கும்பிடப் போவாளே! கடைசியில் அடுக்களையில், உடன்குடிப் பனங்கற்கண்டு ஜாடி கண்ணில் பட்டது. அதே பழுப்பு, அதே பாக்கு அளவு. இருபத்து நான்கையும் கொட்டிக் குலுக்கினார். மூளை என்றால் இதுவல்லவா மூளை!

வந்தவர்கள் பூத்தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்ததும் கார்த்திகேசன் இருமினார்.

"ஏட்டி விஜி, மாமாவுக்கு மிளகுப் பால் கொண்டா. பனங்கற்கண்டு கொஞ்சம் கூடவே போடு," என்றாள் நீலாம்பாள்.

தாணுமாலையன் எழுந்தார். "நான் போடுதேன்!"

"நீங்க சும்மா இருங்க. உங்க கைப்பக்குவத்தைப் பாக்கவா வந்திருக்காக?"

உட்கார்ந்தார்.

பால் வந்தது. டம்ளருக்குள் 'ணங்' என்றது. விஜயஸ்ரீ அப்பாவின் காதில், "இனிப்பே ஏறலப்பா. அதான் இன்னும் நாலு போட்டேன்," என்றாள்.

"அண்ணாச்சி, குடிக்காதீக! ஈ விழுந்துட்டு!" என்றார் தாணுமாலையன்.

நீலாம்பாள் எட்டிப் பார்த்தாள். "ஈயுமில்ல, ஒண்ணுமில்ல. இவுகளுக்குக் கண்ணுல புரை. நீங்க குடிங்க."

கார்த்திகேசன் குடித்து முடித்தார். அடியில் கிடந்ததில் ஒன்றை விரலால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளிறியது.

"இது... என்னது?"

"கற்கண்டுதான். நல்ல சரக்கு பையத்தான் உருகும். வாயில போட்டுப் பாருங்க," என்றார் தாணுமாலையன், வேறு வழி தெரியாமல்.

கார்த்திகேசன் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். பாவம், வாயில் போட்டுக்கொண்டார்.

முகூர்த்தம் பேசினார்கள், மண்டபம் பேசினார்கள். கன்னம் உப்பியபடியே பேராசிரியர், "ந்நல்ல இனிப்பு," என்றார்.

"இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள் நீலாம்பாள்.

"வேண்டாம்!" என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

அலறிய வேகத்தில் கல் தொண்டைக்கு நழுவியது. பேராசிரியரின் கண் பிதுங்கியது. தாணுமாலையன் பாய்ந்து அவர் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"துப்பும்வே! அது கல்லுவே! கல்லு!"

கல் பறந்து போய்ப் பூத்தட்டில் விழுந்தது. விஜயஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகளின் முகத்தைப் பார்த்ததும் தாணுமாலையனுக்குப் பொய் தீர்ந்துபோயிற்று.

"சக்திப் படிகம்னு வாங்குனேன். முப்பது வருசம் குழாயில இருந்து கரைச்சு விட்ட சாமானை இப்போ நெத்தியில வச்சுக் கும்பிடுதேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஜாடியில ஒளிச்சேன். கிறுக்கு எனக்குத்தான் அண்ணாச்சி, என் மகளுக்கு இல்ல. அவளை வேண்டாம்னு சொல்லிராதீக."

கார்த்திகேசன் மறுபடியும் மனைவி பக்கம் திரும்பினார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அம்மா, பூத்தட்டிலிருந்த கல்லை எடுத்து முந்தானையில் துடைத்து, கணவரைக் காட்டினாள்.

"இதைப் போயா ஒளிச்சீக, அண்ணாச்சி? ரிட்டயர் ஆனதுல இருந்து செல்போன்ல இந்தக் கல்லை விக்கதே இவுகதான். ஒரு தடவ வாங்குன அத்தன பேரும் ஏசித்தான் எழுதுனாக. ரெண்டாந்தடவையும் கேட்டு எழுதுன ஒரே தங்கமான மனுசன் நீங்கதான்னு, அந்த விலாசத்தைப் பாத்து விசாரிச்சுத்தான் பொண்ணு கேட்டே வந்தோம்!"

உங்கள் வீட்டுப் பாலில் போட்டதெல்லாம் கரையட்டும், கண்ணுகளா. கரையாதது எது வந்தாலும் தொண்டைக்குப் போகாமல் பூத்தட்டில் விழட்டும். பிள்ளைகளுக்கு நல்ல இடம் அமைந்து, வீடு நிறைந்து இருங்கள்.