கேமரா அண்ணாச்சி வீட்டு ஆண்டவர்

பாளையங்கோட்டையில் ஆண்டவர் கண்ணுக்குத் தப்பினவர்கள் உண்டு. கேமரா அண்ணாச்சி கண்ணுக்குத் தப்பினவர் ஒருவரும் இல்லை. நகைக்கடை, அரிசிக்கடை, கல்யாண மண்டபம் என்று ஒரு சுவரை விடாமல் ஏணியைச் சாத்தி சிசிடிவி மாட்டியவர். பெயர் என்று ஒன்று உண்டு. ஐந்து வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த எனக்கே கரண்ட் பில்லைப் பார்த்தால்தான் அது ஞாபகம் வரும்.

அவருக்கு ஒரே கவலை. சாயங்காலம் பாய் விரித்து நடக்கும் குடும்ப ஜெபத்தில் ஏழு வயது மகள் பியூலா வாயைத் திறக்க மாட்டாள். அண்ணாச்சி ஆரம்பித்தால் வறண்டு கிடக்கும் ராதாபுரத்துக்கு மழை கேட்டு, ஊரில் உள்ள நோயாளிகளையெல்லாம் பெயர் சொல்லி, அரை மணி நேரம் ஓட்டுவார். பியூலா முறை வந்தால் ‘ஆமென்’ மட்டும்தான்.

“சொந்தமா நாலு வார்த்தை ஜெபிக்கத் தெரியாத புள்ளய வளத்திருக்கேன் வே. ஞாயிறு பள்ளி டீச்சர் மொகத்துல எப்படி முழிக்க?” என்று என்னிடம் புலம்புவார்.

பைபிள் வசனம் சொன்னால்தான் தோசை என்று ஒரு சட்டம் போட்டார். பியூலா பட்டினி கிடக்கத் தயாரானாள். கடைசியில் தொழில் புத்தி வேலை செய்தது. ஹாலில், புதுவருஷத்துக்குக் கோயிலில் கொடுத்த வாக்குத்தத்த வசன அட்டைக்கு மேலே, ஒரு கேமராவை மாட்டிவிட்டார்.

“ஏட்டி பியூலா, இங்கன இருந்துதான் ஆண்டவர் ஒன்னப் பாக்குதாரு. பாத்து நடந்துக்க!”

“அண்ணாச்சி, பாக்கது நீங்கல்லா? ஒங்க போன்லல்லா தெரியுது?” என்றேன்.

“சும்மா இரும் வே. மேலிடத்துக்கும் எனக்கும் ஒரே லைன்தான்.”

மூன்றே நாளில் பியூலா ஆண்டவரை அளந்துவிட்டாள். “மாமா, இயேசப்பாவுக்கு ஹால் மட்டுந்தான் தெரியும். அடுப்படி தெரியாது” என்று என் காதில் சொல்லிவிட்டு, முறுக்கு டப்பாவோடு அடுப்படிக்குள் போனாள். ஹாலிலேயே பாவம் செய்ய வேண்டி வந்தால் ஸ்டூல் போட்டு ஏறி, கேமராமேல் துண்டைப் போட்டுவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில், ஏணி உச்சியில் நின்றபடி அண்ணாச்சி போனைப் பார்த்தார். வீட்டு ஹால் படம் இருட்டாக இருந்தது. “அடிப்பாவி, ஆண்டவருக்கேவா துண்டு!” என்று கத்தியது கடை முழுக்கக் கேட்டதாம். ஏணி ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம். கால் முறிந்து கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். பொழுது போகாமல் போனைத் திறந்தார்; படம் இன்னும் இருட்டுதான். சட்டென்று வெளிச்சம் வந்தது; ஸ்டூல்மேல் நின்ற பியூலா துண்டோடு இறங்கினாள், கை கூப்பினாள்.

“இயேசப்பா, துண்டு போட்டது நாந்தான். எங்கப்பாவ எதுக்குத் தள்ளிவிட்டீரு? இனிமே அடுப்படிலயும் முறுக்குத் திங்க மாட்டேன். எங்கப்பா கால நல்லாக்கிரும்.”

இத்தனை நாள் காத்திருந்த சொந்த ஜெபம்! அண்ணாச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகை வந்தது. “ஆளத் தள்ளிவிடுத ஆண்டவரையா வே நான் புள்ளைக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்?” என்றவர், கேமரா வழியாக வீட்டில் கேட்கும்படி போனில் இருந்த மைக்கை அழுத்தினார்.

“யம்மா பியூலா, ஆண்டவர் தள்ளலம்மா. அவரு அப்படிப்பட்டவர் இல்ல. ஏணி மேல நின்னு போனப் பாத்தது ஒங்கப்பன் தப்பு. நீ முறுக்குத் தின்னும்மா.”

வாழ்நாளில் அவர் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பியூலா கேமராவை அண்ணாந்து பார்த்தாள். “இயேசப்பா, ஒங்க குரல் எங்கப்பா குரல் மாதிரியே இருக்கு. ஆனா அப்பா இம்புட்டுப் பிரியமா பேச மாட்டாவ.”

அண்ணாச்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் ஏணி போட்டது தன் வீட்டு ஹாலில்தான். கேமரா இறங்கியது. தெருவில் பழையபடி ஊரே கேட்கக் கத்துவார். வாசல்படி தாண்டினால் குரல் பைய இறங்கிவிடும். கேட்டால், “ரெண்டு குரலும் ஒண்ணா இருக்குன்னு புள்ள சொல்லிட்டால்லா வே” என்பார்.

நான் அந்த மாடியைக் காலி செய்து ரெண்டு வருஷம் ஆகிறது. கடவுள் என்று யாராவது சொன்னால் எனக்கும் இப்போது அண்ணாச்சி குரல்தான் கேட்கிறது.